அப்டேட்: பொண்ண கேர்ள்ஸ் டே ஸ்கூல்ல சேர்த்தாச்சு

போன வருஷம் இங்க கேட்டிருந்தேன்ல, லண்டன்ல பொண்ணுங்க மட்டும் படிக்கிற பிரைவேட் டே ஸ்கூல்ல இயர் செவன் (11 வயசுல சேர்ற வகுப்பு) சீட் கிடைச்சிருக்கு, ஃபீஸ பாத்தா பயமா இருக்கு, சேர்க்கலாமான்னு. பொறுமையா பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. சேர்த்துட்டோம், பொண்ணு சந்தோஷமா இருக்கா.

பெரிய மாற்றம் சயின்ஸ்லதான். முன்னாடி குரூப் வொர்க்னா பசங்க சாமான எடுத்து செய்வாங்க, இவ பக்கத்துல உக்காந்து எழுதிட்டு இருப்பா, இப்ப பன்சன் பர்னர் பத்த வைக்கிறதுல இருந்து சர்க்யூட் மாட்டுறது வரைக்கும் எல்லாமே பொண்ணுங்களேதான், வீட்டுக்கு வந்து அதையே பேசிட்டு இருக்கா. இங்க ஏ லெவல் (நம்ம பிளஸ் டூ மாதிரி) ஃபிசிக்ஸ் எடுக்கறவங்கள்ல பொண்ணுங்க கிட்டத்தட்ட கால்வாசிதான், அதனால எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது. லத்தீன், நெட்பால் எல்லாம் பழகிட்டா.

ஃபீஸ் கஷ்டம்தான், மறைக்கல. 2025 ஜனவரில இருந்து ஃபீஸ் மேல 20% வாட் வரி வேற. பர்சரி (ஸ்கூல் குடுக்கற ஃபீஸ் உதவி) கிடைச்சதாலதான் சமாளிக்கிறோம், ஆனா அது வருமானம் பாத்து குடுக்கறது, வருஷா வருஷம் பேப்பர்ஸ் காட்டணும், ஸ்காலர்ஷிப்னு நினைச்சு குழம்பிடாதீங்க, அது மார்க்குக்கு, தொகையும் பெரும்பாலும் கம்மி.

அடுத்து அப்ளை பண்றவங்க இயர் சிக்ஸ் ஆரம்பிச்ச உடனே ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, பர்சரி ஃபார்மையும் அப்பவே கேட்டு வாங்கிக்கோங்க.