இரண்டு சிறப்புப் பள்ளி பார்த்தாச்சு, எதில் சேர்ப்பது?

கேள்வி

மகனுக்கு 6 வயது. ஆட்டிசம். இன்னும் பேச்சு வரவில்லை. வேண்டிய பொருளின் பட அட்டையைக் கோப்பிலிருந்து பிய்த்தெடுத்து எங்கள் கையில் கொடுப்பான். சாதாரணப் பள்ளியில் ஒரு வருடம் படித்தான். படித்தான் என்பதைவிட ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான் என்பதே சரி.

இப்போது இரண்டு சிறப்புப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். முதலாவது பெரியது. ஸ்பீச் தெரபிக்கு, ஆக்குபேஷனல் தெரபிக்கு என்று தனித்தனி அறைகள், ஊஞ்சல், டிராம்போலின் எல்லாம் இருக்கின்றன. வகுப்பில் 12 பேர். இரண்டாவது சின்ன இடம். வகுப்பில் 6 பேர், ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர். தெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாராம்.

என் கணவருக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. எனக்கு ஒரே ஒரு நெருடல். அங்கே அட்டைகளைக் காட்டியபோது, "முதலில் உட்காரப் பழகட்டும், இதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில் 1

வேனில் எவ்வளவு நேரம் என்று கேட்டீர்களா? எங்கள் பையன் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் வேனில் இருந்தான். போய்ச் சேரும்போதே சோர்ந்துவிடுவான். எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்து என்ன?

பதில் 2

பெரிதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். என் மகளுக்கு இப்போது 13 வயது. அவளை முதலில் சேர்த்த இடமும் நீங்கள் சொல்லும் முதல் பள்ளி மாதிரிதான், பார்த்ததும் மயங்கிவிட்டோம். சேர்த்து நான்கு மாதம் இருக்கும், ஒருநாள் அவளைச் சீக்கிரமே அழைத்துவரப் போனேன். மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். "இன்னைக்கு பிஹேவியர் கொஞ்சம் அதிகம்" என்றார் டீச்சர். அட்டைக் கோப்பு எங்கே என்று தேடினால், பீரோவுக்கு மேலே இருக்கிறது. எனக்கே எக்கினால்தான் எட்டும்.

எடுத்துக் கீழே வைத்தேன். தண்ணீர்ப் படத்தைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். ஒரு பாட்டிலைக் காலி செய்தாள். அவ்வளவுதான், பிஹேவியர் போய்விட்டது.

அந்த டீச்சர் கெட்டவர் இல்லை, மற்ற பிள்ளைகள் அட்டைகளைக் கிழித்துவிடுவார்கள் என்று பத்திரப்படுத்தியிருந்தார். பிள்ளையின் வாயையே தூக்கி மேலே வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"உட்காரப் பழகிய பிறகு" என்பதும் சரியில்லை. பெக்ஸ் என்ற இந்த அட்டை முறையை 1985-ல் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் உருவாக்கினார்கள். அதன் முதல் கட்டமே, பிள்ளை தனக்குப் பிடித்த பொருளின் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுப்பதுதான். அதற்கு முன்னால் இதைப் பழகியிருக்க வேண்டும், அதைப் பழகியிருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் கிடையாது. அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது சொன்னால், அதையும் நம்பாதீர்கள்.

இன்னொரு தடவை போங்கள். சுற்றிக் காட்டுவதற்காக அழைக்கும் நேரத்தில் வேண்டாம், வகுப்பு நடக்கும்போது ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு பிள்ளை 'வேண்டாம்' என்று காட்டினால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அப்படியே கழிவறையையும் எட்டிப் பாருங்கள். அழைத்துப்போவது யார், போகவேண்டும் என்பதைப் பிள்ளை எப்படிச் சொல்கிறது என்றெல்லாம் அங்கேதான் தெரியும்.

பதில் 3

நான் சிறப்பாசிரியை. மேலே சகோதரி சொன்னதோடு ஒரு விஷயம் சேர்க்கிறேன். 6 பேர்தான் என்பதால் மட்டும் ஒரு வகுப்பு நல்லதாகிவிடாது. 5 வயதுப் பிள்ளையும் 14 வயதுப் பிள்ளையும் ஒன்றாக இருந்தால் ஆசிரியை பாடு திண்டாட்டம்தான். வயதைக் கேளுங்கள்.

அப்புறம், பெயரை மறைத்துவிட்டு ஓர் ஐ.இ.பி. (ஒரு பிள்ளைக்கென்று தனியாக எழுதும் கல்வித் திட்டம்) காட்டச் சொல்லுங்கள். 'தகவல் தொடர்பு மேம்படும்' என்று எழுதியிருந்தால் அது இலக்கே இல்லை. 'இடைவேளையில், யாரும் தூண்டாமல், 10 தடவையில் 8 தடவை தானே அட்டையை எடுத்துக் கொடுப்பான்' என்று இருந்தால், அங்கே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தெரபிஸ்ட் வராத நாட்களில் அந்த வேலையை வகுப்பில் யார் தொடர்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். பெரிய பள்ளியிலும் இதையே கேளுங்கள். தெரபி அறைக் கதவைத் தாண்டி எதுவும் வெளியே வராத இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடத்துக்கும் போன் செய்தேன். சின்னப் பள்ளியில் செவ்வாய்க்கிழமை வந்து உட்காரச் சொன்னார்கள். பெரிய பள்ளியில், பெற்றோர் வகுப்புக்குள் வந்தால் பிள்ளைகளின் கவனம் சிதறும் என்றார்கள். இவர் அதுவும் நியாயம்தானே என்கிறார். செவ்வாய்க்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அட்டைக் கோப்பும் கையில் இருக்கும்.