நசரேயன் எதற்காகக் குற்றநிவாரண பலி செலுத்தினான்?

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு வேதபாட வகுப்பு எடுக்கணும். வேதாகமத்தின் எண்ணாகமம் 6:9-12-ல் சிக்கி நிற்கிறேன்.

நசரேய விரதம் என்பது, தன்னைக் கர்த்தருக்கென்று பிரித்து, தலைமுடி வெட்டாமல், பிணத்தை நெருங்காமல் இருக்கும் நேர்ச்சை. அந்த விரதம் இருப்பவன் பக்கத்தில் ஒருவர் திடீரென்று இறந்துவிட்டால், தீட்டுப்பட்டு விரதம் முறிகிறது. அவன் 7-ஆம் நாள் தலையைச் சிரைத்து, 8-ஆம் நாள் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ ஆசாரியனிடம் கொண்டுவருகிறான். ஒன்று பாவநிவாரண பலி, மற்றது சர்வாங்க தகனபலி (முழுவதும் எரிக்கப்படும் பலி). பிறகு விரதத்தை முதலிலிருந்து தொடங்கி, ஒரு வயது ஆட்டுக்குட்டியைக் குற்றநிவாரண பலியாகச் செலுத்த வேண்டும். கழிந்த நாட்கள் கணக்கில் வராது. 30 நாள் விரதத்தில் 29 நாள் காத்தவனுக்கும் அப்படித்தான். வாசிக்கும்போதே மனசு கனத்துப்போகிறது, அவன் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லையே!

புறாக்கள் புரிகின்றன. அந்த ஆட்டுக்குட்டிதான் புரியவில்லை. லேவியராகமம் 5-ல், பரிசுத்தமானவற்றில் அறியாமல் குற்றம் செய்தவனும் குற்றநிவாரண பலி செலுத்துகிறான். கர்த்தருக்கென்று பிரித்த தலைமுடி தீட்டானதும் அந்த வகையில் சேருமா? அல்லது லேவியராகமம் 14-ல் குணமான குஷ்டரோகி 7-ஆம் நாள் சிரைத்து 8-ஆம் நாள் ஆட்டுக்குட்டி கொண்டுவருவதோடு ஒப்பிடுவது சரியா? எனக்கு முதலாவதுதான் பொருத்தமாகப் படுகிறது.

எபிரேயம் படித்தவர்கள், யூத விளக்கங்கள் வாசித்தவர்கள் யாராவது சனிக்கிழமைக்குள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.