நல்ல பர்கர் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி? சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள் (அனுபவப் பகிர்வு)

கரிவிளிம்பு

வாசல் வரைக்கும் வரிசை நிற்கும் கடை. பன்னைத் தூக்கிப் பார்த்தால் பேட்டி (அரைத்த கறியை வட்டமாகத் தட்டிச் சுட்டது) மேலேயும் சாம்பல் நிறம், கீழேயும் சாம்பல் நிறம். ஓரத்தில்கூட பழுப்பு ஏறவில்லை. சாஸை வழித்துவிட்டுக் கறியை மட்டும் வாயில் போட்டால் வேகவைத்த கறி மாதிரிதான் இருக்கிறது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், கறி நல்ல கறி. கெடுத்தது அதைச் சுட்ட கல்.

சனிக்கிழமை இரவு, கல் நிறையப் பேட்டியை அடுக்கினால் சூடு சட்டென்று இறங்கிவிடும். கறி விடுகிற தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் அடியிலேயே தேங்கும். தண்ணீர் இருக்கும்வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பழுப்பு நன்றாக ஏற 140-க்கு மேல் வேண்டும். ஆகவே கடையை எடைபோடப் போகிறவர்கள் உச்சக்கூட்ட நேரத்தில் போகாதீர்கள். கடை ஈயோட்டும் மத்தியானம் மூன்று மணியும் வேண்டாம், அடுப்பைத் தணித்து வைத்திருப்பார்கள். வார நாளில் இரவுக் கூட்டம் சேர ஆரம்பிக்கிற நேரம்தான் சரி.

ஈரப்பன்

கறியை விடுங்க, கீழ்ப் பன்னைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க. ரெண்டாவது கடியிலேயே அடிப் பன் கூழாகி, பேட்டி நேரா தட்டுல. மேல் பன் மட்டும் கையில. பளபளன்னு பிரியோஷ் பன் (வெண்ணெயும் முட்டையும் சேர்த்த மெத்துப் பன்), ஃபோட்டோவுல பிரமாதமா இருக்கும்.

வெட்டின பக்கத்தை வெண்ணெய் தடவிக் கல்லுல வாட்டலைன்னா இப்படித்தான் ஆகும். அந்தப் பழுப்புத் தோல்தான் சாறு உள்ளே இறங்கறதைக் கொஞ்ச நேரம் தடுக்கும். கடையில உக்காந்ததும் பக்கத்து மேசையைப் பாருங்க. பன்னோட உள்பக்கம் வெள்ளையா இருந்தா வாட்டலைன்னு அர்த்தம். உருளைக்கிழங்கு பன் வைக்கிற கடைன்னா ஒரு மார்க் கூடவே போடலாம். வளைஞ்சு கொடுக்கும், உடையாது, பிரியோஷ் மாதிரி தித்திக்காது. தக்காளியை ஈரம் ஒத்தாம அப்படியே வைக்கிறதும் இன்னொரு வினை.

கனத்த கை

கரிவிளிம்பு சார், பழுப்பு பழுப்பு என்று சொல்லித்தான் இப்போது எல்லாக் கடையும் ஸ்மாஷ் பர்கர் (கறியைக் கல்லில் அழுத்தித் தட்டையாக்கிச் சுடுவது) கடையாகிவிட்டது. காகிதம் மாதிரி இரண்டு பேட்டி, நடுவில் சீஸ். கடித்தால் மொறுமொறுப்பு இருக்கிறது, கறி எங்கே? 180 கிராம், 200 கிராம் பேட்டியை ஒழுங்காகச் சுடத் தெரிந்த கடையைச் சொல்லுங்கள், அது திறமை. நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி போட்டுச் சுட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் சுருங்கி நடுப்பகுதி பந்தாக உப்பிக்கொள்ளும். அந்தப் பந்தைத் தட்டையாக்குகிறேன் என்று கரண்டியால் அமுக்குவார்கள் பாருங்கள், அதோடு முடிந்தது. உருகிய கொழுப்பு முழுக்கச் சொய்யென்று கல்லுக்குப் போய்விடும். சமையலறை கண்ணுக்குத் தெரிகிற கடையில் பேட்டி பாதி வெந்த நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

கொத்துக்கறி

கனத்த கை அண்ணே, ஸ்மாஷ் என்னமோ நேத்து வந்த ஃபேஷன் மாதிரி பேசறீங்க. அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலத்து எல் ரீனோ ஊர்ல 1920-களிலேயே கறி உருண்டை மேல மெல்லிசா சீவின வெங்காயத்தைக் குவிச்சு, கல்லோட கல்லா அழுத்திச் சுட்டிருக்காங்க. கறி விலையை ஈடுகட்ட வெங்காயம். இன்னிக்கும் அந்த ஊரோட அடையாளமே அதுதான்.

அமுக்கறது தப்பில்லை, எப்ப அமுக்கறோம்ங்கறதுதான் விஷயம். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த குளிர்ந்த உருண்டை, 60 முதல் 80 கிராம். கல் 200 டிகிரிக்கு மேல. போட்ட முதல் அரை நிமிஷத்துக்குள்ள ஒரே அழுத்து. அப்ப கொழுப்பு இன்னும் கட்டியா இருக்கும், வெளியே ஓடாது. நீங்க சொல்ற சொய்ங் சத்தம் ரெண்டு நிமிஷம் கழிச்சு அமுக்கறவனோடது. அழுத்தினப்புறம் தொடக்கூடாது. ஓரம் வலை மாதிரி ஓட்டை ஓட்டையா பழுத்ததும் கூர்மையான தட்டைக் கரண்டியால அடியோட சுரண்டித் திருப்பணும். மழுங்கின கரண்டின்னா பழுப்பெல்லாம் கல்லுலயே ஒட்டிக்கும், நமக்கு வர்றது வழுக்கைப் பேட்டி. நல்ல கடையில சுரண்டற சத்தம் கேக்கும். அதுக்காகவே கவுண்டர்கிட்ட உக்காரலாம்.

உங்க 200 கிராம் பேட்டியும் நல்லா இருக்கும், இல்லேங்கலை. ரெண்டும் வேற வேற சாப்பாடு, ஒண்ணை வெச்சு இன்னொண்ணுக்கு மார்க் போடாதீங்க.

வெப்பமானி

பேட்டியின் நடுவே இளஞ்சிவப்பு, தட்டில் சிவப்புச் சாறு. பரிமாறியவர் பெருமையாக ‘மீடியம் ரேர்’ (உள்ளே முழுதாக வேகாத பக்குவம்) என்றார். கறி எப்போது அரைத்தது என்று கேட்டால் பதில் இல்லை. நெருடல் அங்கேதான்.

ஸ்டேக்கில் (அரைக்காத முழுக் கறித்துண்டில்) கிருமி பெரும்பாலும் வெளிப்பக்கம்தான், சூடு பட்டால் சாகும். அரைக்கும்போது வெளிப்பக்கம் முழுக்க உள்ளே போய்விடுகிறது. 1993-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத பர்கரால் நூற்றுக்கணக்கானவர்கள் நோயுற்று, குழந்தைகளும் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை ஓ157:எச்7 என்ற பாக்டீரியா. அடுத்த ஆண்டே அந்நாட்டு வேளாண் துறை, அரைத்த மாட்டிறைச்சியில் அந்தக் கிருமி இருந்தாலே அது கலப்படம் என்று அறிவித்தது. அவர்கள் சொல்லும் பாதுகாப்பான உள்வெப்பம் 71 டிகிரி. மீடியம் ரேர் என்பது 55-ஐ ஒட்டி.

நிறத்தை நம்பவும் கூடாது. சில கறி 71-ஐ எட்டும் முன்பே பழுப்பாகிவிடும், சில கறி எட்டிய பின்னும் சிவந்தே இருக்கும். கடைக்காரர் ஊசி வெப்பமானியைப் பக்கவாட்டில், பேட்டியின் நடு வரை செருகிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களோடு போனால் முழுக்க வெந்ததே கேளுங்கள். முழுக்க வெந்தால் வறண்டுதான் போகும் என்பது சாக்கு. தோள்பட்டைக் கறியோடு நெஞ்சுக்கறி சேர்த்து, கொழுப்பு 20 சதவீதத்துக்குக் குறையாமல் பெரிய துளைத் தட்டில் அரைத்தால் 71-இலும் சாறு நிற்கும். 10 சதவீதக் கொழுப்பில் ‘ஆரோக்கியமான’ பேட்டி விற்கிற கடையில்தான் மரத்தூள் கிடைக்கும்.

உப்பையும் கவனியுங்கள். அரைத்த கறியில் உப்பைப் பிசைந்து வைத்தால் புரதம் கரைந்து ஒன்றோடொன்று பிணைந்து, சாஸேஜ் மாதிரி இறுகிவிடும். கடிக்கும்போது பேட்டி ரப்பராகத் துள்ளினால் காரணம் பெரும்பாலும் இதுதான். கல்லில் போடும் நேரத்தில் வெளியே தூவினால் போதும். வீட்டில் செய்கிறவர்களுக்கும் சொல்கிறேன், பிசையவே பிசையாதீர்கள், உருட்டி விடுங்கள். அரைக்கும் இயந்திரத்தின் பிளேடையும் ஃப்ரீசரில் வைத்துக் குளிரவிடுங்கள். இல்லையென்றால் கொழுப்பு இழுபட்டுப் பசையாகிவிடும்...

கரிவிளிம்பு

வெப்பமானி சார், கேட்டது கடை தேடுகிற வழி. நீங்கள் கடையே வைக்கச் சொல்லித் தருகிறீர்கள் :) ஆனால் அந்த உப்பு விஷயம் உண்மை.

புதுக் கடைக்குப் போனால் மெனுவில் இருப்பதிலேயே எளிய சீஸ்பர்கரைக் கேளுங்கள். பேக்கன், முட்டை, ட்ரஃபிள் மாயோ எதுவும் வேண்டாம், அதெல்லாம் குறையை மறைக்கிற திரை. சாஸைத் தனியாக வாங்குங்கள். வந்ததும் நடுவில் வெட்டிக் குறுக்குவெட்டைப் பாருங்கள். பேட்டி பன்னின் ஓரம் வரை வருகிறதா? சுடும்போது சுருங்கும் என்று தெரிந்த கடை, பச்சைப் பேட்டியைப் பன்னைவிட ஒரு சென்டிமீட்டராவது அகலமாகத் தட்டும். சீஸ் கறியோடு உருகி ஒட்டியிருக்கிறதா, விறைத்த சதுரமாக உட்கார்ந்திருக்கிறதா? முற்றிய செடாரில் எண்ணெய் பிரிந்து நின்றால் சீஸைத் தப்பாக எடுத்திருக்கிறார்கள். ப்ராசஸ்டு சீஸை இளப்பமாகப் பேசுவார்கள், ஆனால் சோடியம் சிட்ரேட் போன்ற உப்பு இருப்பதால்தான் அது எண்ணெய் பிரியாமல் உருகுகிறது. பர்கருக்கு எனக்கு அதுதான்.

ஈரப்பன்

பாத்து முடிச்சு சாப்பிடறதுக்குள்ள ஆறிடும் சார்.

இன்னொண்ணு, டெலிவரியில வாங்கி ஒரு ஸ்டார் போடறவங்க விமர்சனத்தைத் தள்ளிடுங்க. மூடின டப்பாவுல கால் மணி நேரம் ஆவி அடிச்சா எந்தப் பன்னும் நமத்துதான் போகும், ஸ்மாஷ் ஓரமும் தொளதொளன்னு ஆயிடும். கடையைப் பத்தித் தெரியணும்னா கடை போட்ட ஃபோட்டோ வேண்டாம், சாப்பிட்டவங்க பாதி கடிச்சு எடுத்த ஃபோட்டோவைத் தேடுங்க. கடிச்ச இடத்துல அடிப் பன் எப்படி இருக்குன்னு தெரிஞ்சிடும்.

கனத்த கை

எல்லாம் சரி, 200 கிராம் பேட்டி போடுகிற கடை ஒன்றுகூட யாரும் சொல்லவில்லையே?