ஓவர்ஸ்ட்ரைக் காசுக்கு ‘மேலடிப்பு’ சரிப்படுமா?

வணக்கம்.

‘ஓவர்ஸ்ட்ரைக்’ (பழைய காசின் மேலேயே புது அச்சை அடிப்பது) என்பதற்கு ‘மறுபதிப்பு’ போதும் என்று நேற்று ஒரு மடல் வந்தது. எனக்கு அது உறுத்துகிறது. மறுபதிப்பு என்றாலே நமக்குப் புத்தகம்தான் ஞாபகம் வரும். அப்புறம், பழைய அச்சைக் கொண்டே பிற்காலத்தில் திரும்ப அடிப்பதை ‘ரீஸ்ட்ரைக்’ என்கிறார்களே, அதற்கு என்ன சொல்வோம்? அந்த இடத்துக்கு ‘மறு’வை வைத்துக்கொள்ளலாம்.

நாம் பேசுவது வேறு. பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸ் (610–641) காலத்து ஃபோலிஸ் என்ற வெண்கலக் காசு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பேரரசரும் மகனும் நிற்பார்கள். பின்பக்கம் பெரிய ‘மியூ’ எழுத்து. கிரேக்க எண்முறையில் அது 40, அதாவது 40 நும்மி (அன்றைய சிறு பண அலகு). 498இல் பேரரசர் அனஸ்தாசியஸ் தொடங்கிவைத்த முறை. எழுத்தின் இருபுறமும் ஆட்சியாண்டு, அடியில் காசு அடித்த ஊரான கான்ஸ்டான்டினோபிளின் குறி. இதுவரை சிக்கல் இல்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் விஷயம் தெரியும்: மகனின் தோளோரம் வேறொரு எழுத்துவரிசை வளைந்து போகும், மியூவின் காலுக்கடியில் பழைய முகம் ஒன்றின் தாடை தட்டுப்படும். அது முந்தைய பேரரசர் ஃபோக்காஸாக இருக்கலாம், அவருக்கும் முந்தைய மாரிஸாக இருக்கலாம். பாரசீகப் போரில் கருவூலம் வறண்டிருந்த காலம் அது. அடிப்பதற்குப் புது உலோக வில்லை செய்யாமல், புழங்கிய காசையே அச்சுகளுக்கு நடுவே வைத்து அடித்துவிட்டார்கள். பெரிய காசுகளை வெட்டி அந்தத் துண்டுகளின் மேலும் அடித்தார்கள். சில காசுகள் கோணல்மாணலாக இருப்பது அதனால்தான்.

ஆகவே சொல்லில் ‘மேல்’ வேண்டும், ‘அடி’யும் வேண்டும். ‘மேலச்சு’ நல்ல சொல்தான், ஆனால் தபால்தலைக்காரர்கள் அதை மையால் மேலே அச்சிடுவதற்கு வைத்திருக்கிறார்கள். உலோகத்தில் நடப்பது அடிதான். கள்ளநோட்டைக்கூட நாம் ‘அடிக்கிறார்கள்’ என்றுதானே சொல்கிறோம்! எனவே ‘மேலடிப்பு’.

அடியில் தெரியும் பழைய உருவத்துக்கு ‘அடிக்காசு’ என்று முதலில் நினைத்தேன். சந்தையில் தரைக்கடை போடுபவர்களிடம் வாங்கும் பணத்துக்கு அந்தப் பெயர் இருக்கிறது; குழப்பும். ‘முன்னடிப்பு’ என்றால் மேலடிப்போடு இணையாகவும் நிற்கிறது.

இன்னொன்றையும் இதோடு கலக்க வேண்டாம். சிசிலியில் அதே ஹெராக்ளியஸ் காலத்தில் பழைய ஃபோலிஸ்களின் மேல் சிறு முத்திரை குத்தினார்கள். அங்கே பழைய காசு அப்படியே இருக்கும், ஓரிடத்தில் மட்டும் குத்து விழுந்திருக்கும். அதற்கு ‘மேல்முத்திரை’ போதும்.

அருங்காட்சியகப் பட்டியலில் எழுதிப் பார்த்தேன்: “ஃபோலிஸ், வெண்கலம், ஹெராக்ளியஸ், கான்ஸ்டான்டினோபிள். மேலடிப்பு, முன்னடிப்பு: ஃபோக்காஸ்.” வாசிக்கத் தடங்கல் இல்லை. பாத்திரப் பட்டறை, நகைப் பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: ஏற்கெனவே பதித்த தகட்டின் மேல் மறுபடி அச்சு விழுந்தால் அங்கே அதை என்னவென்று சொல்கிறார்கள்? அதற்கு ஒரு பட்டறைச் சொல் இருந்தால் என் சொல்லை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வேன்.