கல்சியம் ஸ்கோர் பூச்சியம் என்றால் அடைப்பே இல்லையா?

வாவிக்கரையான்:
நேற்று ஒருவர் "கல்சியம் ஸ்கோர் பூச்சியம் வந்தால் இதயக் குழாயில் அடைப்பே இல்லை, அஞ்சியோ எல்லாம் காசு பிடுங்கும் வேலை" என்று எழுதியிருக்கிறார். வாசித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அஞ்சியோ என்றால் இதயக் குழாய்க்குள் இரத்தம் ஓடுவதைப் படம் எடுப்பது. கல்சியம் ஸ்கோர் என்பது இதயத்தைச் சி.ரி. ஸ்கேன் எடுத்துக் கணக்கிடுகிற எண். அந்த ஸ்கேனில் தெரிவது இறுகிப்போன சுண்ணாம்புப் படிவு மட்டும்தான். இறுகாத கொழுப்புப் படிவு தெரியாது. சிகரெட் பிடிக்கிற நாற்பது வயதுக்காரருக்கு ஸ்கோர் பூச்சியமாக இருந்தாலும் அடைப்பு இருக்கலாம்.

கல்முனை நானா:
எழுதியது நான்தான் தம்பி, பெயரைச் சொல்லியே கேட்கலாம். நோய்க்குறி இல்லாத ஆளுக்குப் பூச்சியம் வந்தால் பல வருடத்துக்கு ஆபத்து மிகக் குறைவு. 1990இல் அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க இதய டாக்டர் அந்தக் கணக்கைச் சும்மா கொண்டுவரவில்லை.

வாவிக்கரையான்:
"ஆபத்து குறைவு" என்றா எழுதினீர்கள்? "அடைப்பே இல்லை" என்றல்லவா எழுதினீர்கள்! படியேறினால் நெஞ்சு இறுக்குகிற ஆள் அதை வாசித்துவிட்டு வீட்டில் இருந்தால் யார் பொறுப்பு? அவருக்கு வேண்டியது டை, அதாவது குழாய்கள் படத்தில் தெரிவதற்கான மருந்து, ஏற்றி எடுக்கிற சி.ரி. அஞ்சியோ. ஸ்கொட்லாந்தில் நெஞ்சுநோவுக்காரர் 4146 பேரை வைத்துச் செய்த ஆய்வின் ஐந்து வருட முடிவு 2018இல் வந்தது. வழமையான கவனிப்பில் மாரடைப்பும் இதயநோய்ச் சாவும் 3.9 வீதம். அந்த ஸ்கேனும் சேர்ந்தவர்களுக்கு 2.3.

கல்லடி அக்கா:
டை டை என்கிறீர்கள், சிறுநீரகம் பழுதான ஆட்கள் என்ன செய்வது? சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டுகிற கிரியாட்டினின் பார்க்க வேண்டாமா? அம்மாவுக்கு நாடித்துடிப்பு 90க்கு மேல் நின்றது. படம் கலங்கிவிடும் என்று மாத்திரை கொடுத்து, 60க்குக் கிட்டக் குறைந்த பிறகுதான் மெஷினில் ஏற்றினார்கள்.

கல்முனை நானா:
பாருங்கள், அக்காவே சொல்லிவிட்டா! கல்சியம் ஸ்கேனுக்கு டையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்.

வாவிக்கரையான்:
பூச்சியத்துக்குப் பதில் சொல்லுங்கள் நானா. கதையை மாற்றுவது உங்கள் பழக்கம். டெங்குக்குப் பப்பாசி இலைச் சாறு போதும் என்று அடம்பிடித்ததும் நீங்கள்தானே.

கல்முனை நானா:
பப்பாசியை ஏன் இழுக்கிறீர்? கொழும்பில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்தால் டாக்டரா?

அக்கரைப்பற்றான்:
கைநாடியில் குழாய் விட்டுப் பார்க்கிற அஞ்சியோதான் கடைசித் தீர்ப்பு. மற்றதெல்லாம் வெறும் படம்.

வாவிக்கரையான்:
அதுவும் படம்தான் ஐயா. இரத்தம் ஓடுகிற வழி தெரியும், சுவருக்குள் இருக்கிற படிவு தெரியாது. நடுத்தர அடைப்பு என்றால் அடைப்புக்கு முன்னும் பின்னும் இரத்த அழுத்தம் அளந்து, பின்னுள்ளதை முன்னுள்ளதால் வகுத்து 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து வைக்கிற சிறு வலைக்குழல், பற்றியே யோசிப்பார்கள். சரி, நானா எங்கே? பூச்சியம் என்றால் அடைப்பே இல்லையா?

கல்முனை நானா:
இல்லைதான்! எனக்குப் பூச்சியம், இன்றைக்கும் மருதமுனைக்குச் சைக்கிளில்தான் போகிறேன்.

கல்லடி அக்கா:
நான் கேட்ட கிரியாட்டினினுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வாவிக்கரையான்:
பொறுங்கள் அக்கா, முதலில் நானா அந்தப் பதிவைத் திருத்தட்டும்.