‘உண்மையாக்கி’ என்ற சொல்லுக்கு ஒரு மறுப்பு

அன்புடையீர்,

நாம் சேர்ந்து தொகுக்கும் உயர்தர வகுப்பு அளவையியல் (தர்க்கம்) குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு சொல் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஓர் எடுப்பு, அதாவது மெய் அல்லது பொய் எனத்தக்க கூற்று, மெய்யாவதற்கு உலகில் எது ஆதாரமோ அதனை ‘உண்மையாக்கி’ எனலாம் என்று பெரும்பாலோர் எழுதியிருக்கிறீர்கள். மாணவர் உடனே பிடித்துக்கொள்ளும் சொல்தான். ஆயினும் ‘இல்லை’, ‘அன்று’ என மறுக்கும் மறை எடுப்புகள் பற்றிய பாடத்தில் அது நிற்காது.

சென்ற கிழமை வெள்ளவத்தை வகுப்பில் கரும்பலகையின் கீழ்த்தட்டைத் தடவினேன். விரலில் வெள்ளைத் தூள் மட்டுமே ஒட்டியது. ‘வெண்கட்டி இல்லை’ என்றேன். முன்வாங்கு மாணவி, ‘சேர், நீங்கள் கண்டது தூளை, இல்லாததை எப்படிக் கண்டீர்கள்?’ என்று கேட்டாள். அவள் கேட்டது அறியும் வழியை. நமக்கு வேண்டியது அதற்கும் அடியில் உள்ள கேள்வி: நான் சொன்னது எதனால் மெய்யாயிற்று?

‘உண்மை’ என்பது உள் என்னும் அடியாகப் பிறந்தது, உள்ளதன் தன்மை. சைவ சித்தாந்தத்தில் ‘பதியுண்மை’ என்றால் பதி, அதாவது இறைவன், உண்டு என்பதே பொருள். அச்சொல்லுக்கு மறுதலையாக நிற்பது இன்மை. ஆகவே வெண்கட்டியின் இன்மையை ‘உண்மையாக்கி’ என்றால், இன்மையும் உள்ள ஒன்றா என்று ஆராய வேண்டிய வினாவுக்குச் சொல்லே விடை கூறிவிடுகிறது.

இல்லாமையைக் குறிக்கும் வடசொல்லான ‘அபாவம்’ போதும் என்கிறார் யாழ்ப்பாணத்து நண்பர். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அபாவம் அளவைகளுள், அதாவது அறியும் வழிகளுள், ஒன்று; வைசேடிகம் என்னும் வடநூல் தரிசனத்திலோ அதுவே ஏழாம் பதார்த்தம், அதாவது அறியப்படும் பொருள்வகை. அறியும் வழிக்கும் அறியப்படுவதற்கும் ஒரே பெயரானால் அந்த மாணவியின் குழப்பம் தீராது. தமிழில் இன்மையும் அன்மையும் வேறு: தட்டில் வெண்கட்டி இல்லை, தூள் வெண்கட்டி அன்று. வடநூலார் அபாவத்தை நான்காக வகுத்து ‘இது அது அன்று’ என்னும் அந்நியோந்நியாபாவத்தைத் தனியே நிறுத்தியது இந்த வேறுபாட்டுக்காகவே. பேச்சில் நாம் அன்று, அல்ல என்பவற்றைக் கைவிட்டு எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்கிறோம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

1914இல் ஹார்வர்டில் மறை நேர்வுகளும், அதாவது ஒன்று இல்லை அல்லது அன்று என்னும் உலக நிலைமைகளும், உண்டு என்று தாம் வாதிட்டபோது கலவரமே மூளப் பார்த்தது என ஆங்கில மெய்யியலாளர் ரசல் பின்னர் கூறினார். அவுஸ்திரேலிய மெய்யியலாளர் ஆம்ஸ்ட்ரோங் மறை நேர்வுகளைப் பெருக்காமல், ‘உள்ளவை இவையே’ என்னும் முழுமை நேர்வு ஒன்றைக் கொண்டார். அந்த ஏகாரத்தைக் கவனியுங்கள். அது பிரிநிலை ஏகாரம். பிறவற்றை விலக்கும் மறுப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. வாசல் வழியே அனுப்பிய இன்மை ஓர் இடைச்சொல்லில் ஏறித் திரும்பி வந்துவிடுகிறது.

என் விருப்பம் ‘மெய்ப்பற்றுக்கோடு’. இன்மை எதையும் ஆக்குவதில்லை. கூற்று பற்றி நிற்க இடம் மட்டுமே தரும். பரீட்சைத் தாளில் இதை எழுதி மாளாது என்று பம்பலப்பிட்டி ஆசிரியை சொல்வதையும் மதிக்கிறேன். ‘மெய்’ உடம்பையும் எழுத்தையும் குறிக்குமே என்ற ஐயாவின் தடை எனக்குப் பெரிதாகப் படவில்லை; மெய்யியல் என்ற சொல்லை நாம் நெடுங்காலமாகத் தடையின்றி வழங்கிவருகிறோம்.

எனவே பெரும்பான்மையினர் ‘ஆக்கி’யை விடமாட்டீர்கள் என்றால் ‘மெய்யாக்கி’ என்றாவது அச்சிடுங்கள். ‘உண்மையாக்கி’க்கு நான் இசையவில்லை என்பதையும், இன்மை, அன்மை இரண்டுக்கும் தனித்தனி எடுத்துக்காட்டையும் அந்தப் பக்கத்தின் அடியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.