பழைய எஸ்22 வாங்கலாமா, புது ஏ16 வாங்கலாமா?

நண்பர்களே, இரண்டு வாரமாக முடிவெடுக்க முடியவில்லை. என் போன் 2018இல் வாங்கியது, 3 ஜிபி ரேம். ஒரு மாதமாக அழைப்பு வரும்போதே திரை உறைந்து நிற்கிறது. பேட்டரி மாற்றினேன், ஃபேக்டரி ரீசெட் செய்தேன், பாதி ஆப்களை நீக்கினேன். இரண்டு நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான்.

கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டு வழி. ஒன்று, ஒருவர் பயன்படுத்திய சாம்சங் கேலக்ஸி எஸ்22. 2022இல் வந்தது, 8 ஜிபி ரேம். நேரில் பார்த்தேன்: ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறது, திரையில் கறை இல்லை, பழைய உரிமையாளரின் கணக்கால் போன் பூட்டப்பட்டிருக்கவில்லை. கேமராவில் கைநடுக்கத்தைச் சரிசெய்யும் ஓஐஎஸ் இருக்கிறது. மாலை வெளிச்சத்தில் குழந்தையைப் படமெடுக்க எனக்கு அது ரொம்ப முக்கியம். ஆனால் பேட்டரி வெறும் 3700 எம்ஏஎச், அதுவும் சில வருடம் உழைத்தது. பாதுகாப்பு அப்டேட் 5 வருடம்தான் என்பதால் 2027 தொடக்கத்தோடு சரி.

இன்னொன்று, புது கேலக்ஸி ஏ16 5ஜி. 5000 எம்ஏஎச், 6 வருட அப்டேட், உத்தரவாதம். கேமராவில் ஓஐஎஸ் இல்லை. 4 ஜிபி ரேம் மாடல்தான் எனக்குக் கட்டுப்படியாகும், என் இப்போதைய தொல்லைக்குப் பிறகு அதுதான் பயமாக இருக்கிறது.

மனம் எஸ்22 பக்கம்தான் சாய்கிறது. பழைய எஸ்22 வாங்கி, பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றியவர்கள் சொல்லுங்கள்: காலையில் முழு சார்ஜ் போட்டால் இரவு வரை நிற்கிறதா?